தராசில் ஏற மறுத்த பாடகர்

பொரளைச் சந்தியில் பஸ் மாறுவதற்காகக் காத்து நிற்கும் அனுபவம் உங்களுக்கும் இருக்கும். அடுத்த முறை அங்கே நிற்கும்போது, இராஜகிரியவை நோக்கிப் போகும் வீதியைச் சற்றுத் திரும்பிப் பாருங்கள். இன்று அதற்கு டாக்டர் என். எம். பெரேரா மாவத்தை என்று பெயர். வயதானவர்கள் கொட்டா வீதி என்றே சொல்வார்கள். இரண்டாம் உலகப் போர்க் காலத்திலும், போர் முடிந்த பின் சில ஆண்டுகளும், இலங்கையின் வானொலி அந்த வீதியில் இருந்த ஒரு வீட்டிலிருந்துதான் பேசியது; அங்கிருந்துதான் பாடியது. ரொறிங்ரன் சதுக்கத்துக் கட்டடத்துக்கு அது குடிபோனது பிறகுதான்.

1925ஆம் ஆண்டு டிசம்பர் 16ஆம் திகதி எட்வர்ட் ஹாப்பர் என்ற ஆங்கிலேயரின் முயற்சியால் கொழும்பில் முறைப்படி தொடங்கிய வானொலி அது. ஆசியாவின் மிகப் பழைய வானொலிகளில் ஒன்று. தமிழ் நேயர்களாகிய நமக்கு அந்த வானொலி என்றதும் எஸ். பி. மயில்வாகனம் அவர்களின் குரல் காதில் வரும். கடலுக்கு அப்பால் தமிழ்நாட்டிலும் அந்தக் குரலுக்குக் காத்திருந்தவர்கள் பல்லாயிரம் பேர். சிங்கள நேயர்களுக்கோ வேறொரு குரல் நினைவுக்கு வரும். அந்தக் குரலுக்குரியவர் ஒரு கத்தோலிக்கர், ஜா-எலப் பகுதியைச் சேர்ந்தவர், அநாதையாக வளர்ந்தவர், ஆசிரியத் தொழிலை விட்டுவிட்டுப் பாடப் போனவர். வானொலியால் புகழின் உச்சிக்கு ஏறி, அதே வானொலியின் வாசலில் ஒரு நாள் நின்று, உள்ளே போகமாட்டேன் என்று திரும்பியவர். அவர் பெயர் சுனில் சாந்த.

அவரைப் பற்றித் தமிழில் ஏன் எழுத வேண்டும் என்று நீங்கள் கேட்கலாம். அவர் பாடியது சிங்களத்தில். அவர் சேர்ந்திருந்த இயக்கமும் சிங்கள மொழிக்கானது. ஆனால் அவர் எழுப்பிய கேள்வி தமிழனுக்கும் உரியது. அது என்ன என்பதற்குப் பிறகு வருவோம்.

1915ஆம் ஆண்டு ஏப்பிரல் 14ஆம் திகதி, ஜா-எலவுக்கு அருகே தெஹியாகாத என்ற கிராமத்தில் அவர் பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் பத்தலியனகே டொன் ஜோசப் ஜோன். கைக்குழந்தையாக இருந்தபோதே தந்தை இறந்தார். சிறிது காலத்தில் தாயும் போனார். பிள்ளையைப் பாட்டி வளர்த்தார். தாலாட்டுக் கேட்க வேண்டிய வயதில் அதைப் பாடுவதற்குத் தாய் இல்லாத ஒரு குழந்தை, பின்னாளில் ஒரு தலைமுறைச் சிங்களத் தாய்மாரின் வாயில் தன் பாட்டுகளை வைத்துவிட்டுப் போனது.

ஜா-எல, நீர்கொழும்புப் பக்கம் இசைக்குப் பஞ்சமில்லாத பூமி. தவக்காலம் வந்தால் கோயில்களிலும் வீடுகளிலும் பசன் என்னும் வியாகுலப் பாடல்கள் ஒலிக்கும். நமது சாங்கோபாங்க சுவாமியார், அதாவது யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகளார், தமிழுக்கு வியாகுலப் பிரசங்கத்தைத் தந்தது போலவே சிங்களத்துக்கும் அத்தகைய செல்வங்களைத் தந்துவிட்டு 1742இல் மறைந்தார். அதே கரையோரத்தில் நாடகம என்னும் கூத்து இருந்தது. தமிழ்க் கரையோரத்து நாட்டுக்கூத்தின் மகள் அது. மெட்டுகள் நம் பக்கத்து மெட்டுகள். இவற்றோடு கோயிலில் ஆர்மோனியமும், பல குரல்கள் சேர்ந்து பாடும் மேனாட்டு முறையும். இந்த மூன்றும் கலந்த காற்றைச் சுவாசித்து வளர்ந்த பையனுக்கு, இசையில் எது நம்முடையது, எது அந்நியமானது என்ற கேள்வி பிற்காலத்தில் எழுந்ததில் வியப்பில்லை.

படிப்பில் கெட்டிக்காரர். 1931ஆம் ஆண்டுப் பாடசாலை இறுதிப் பரீட்சையில் முதன்மையாகத் தேறி வீரரத்ன பரிசு பெற்றார். பயிற்சி பெற்று ஆசிரியரானார். காலியிலுள்ள மவுண்ட் கல்வாரிப் பாடசாலையில் வேலை கிடைத்தது. மாதம் தவறாத சம்பளம், ஊரில் மரியாதை. பாட்டியின் கையில் வளர்ந்த பிள்ளைக்கு அதுவே பெரிய கரை சேர்தல்தான். 1939இல் அந்த வேலையை விட்டுவிட்டு இந்தியாவுக்குக் கப்பலேறினார். அவ்வாண்டுதான் உலகப் போர் மூண்டது என்பதையும் நினைத்துக்கொள்ளுங்கள். சுற்றத்தார் என்ன சொல்லியிருப்பார்கள் என்பதை நம் வீடுகளில் இப்படி ஒரு பையன் கிளம்பினால் என்ன சொல்வோமோ அதை வைத்து ஊகித்துக்கொள்ளலாம்.

முதலில் போனது தாகூரின் சாந்திநிகேதனுக்கு. அக்காலத்தில் இலங்கை இளைஞர்களுக்கு அது ஒரு யாத்திரைத் தலம் போல இருந்தது. தாகூர் 1934இல் இங்கே வந்து தம் இசை நாடகத்தை அரங்கேற்றிய பிறகு, பாட்டும் ஓவியமும் கற்க வங்காளத்துக்குப் போவது ஒரு வேகமாகவே பரவியது. அங்கிருந்து அவர் இலக்னோ நகருக்குப் போனார். பண்டித பாத்கண்டே 1926இல் அமைத்த மாரிஸ் இசைக் கல்லூரி அங்கே இருந்தது. இந்துஸ்தானி இசையை வகுப்பு, பாடத்திட்டம், பரீட்சை, பட்டம் என்ற ஒழுங்குக்குள் கொண்டுவந்த கல்லூரி அது. அதன் தலைவராக இருந்தவர் ஸ்ரீகிருஷ்ண நாராயண் ரதன்ஜன்கர் என்ற பேரறிஞர். இந்தப் பெயரை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், மறுபடியும் வரும். அங்கே வாய்ப்பாட்டிலும் வாத்தியத்திலும் பயின்று, 1944இல் விசாரத பட்டத்தோடு நம் ஆசிரியர் ஊர் திரும்பினார்.

இனி எல்லாரும் எதிர்பார்ப்பது யாதெனில், இலக்னோவில் கற்ற இராகங்களைக் கொழும்பு மேடைகளில் விரிப்பார், மாணவர்களைச் சேர்ப்பார், பண்டிதர் என்று பெயர் எடுப்பார் என்பதே. அவர் செய்தது வேறு. கற்றதையெல்லாம் ஒரு பெட்டியில் வைத்துப் பூட்டினாற்போல ஒதுக்கிவிட்டு, சிங்களப் பாட்டு இராகத்தின் பிள்ளையாக இருக்கத் தேவையில்லை என்றார். படிக்காதவன் இதைச் சொன்னால் பொறாமை என்பார்கள். பட்டம் வாங்கி வந்தவன் சொன்னதால் அது வாதமாயிற்று.

இந்த எண்ணத்துக்கு உரமிட்டவர் குமாரதுங்க முனிதாச. 1887இல் பிறந்து 1944இல் மறைந்த மொழியறிஞர். 1941இல் ஹெல ஹவுல என்ற அமைப்பை நிறுவி, சமஸ்கிருதம், பாளி முதலியவற்றின் சுமையில்லாத தூய சிங்களத்தை எழுத வேண்டும் என்று போராடியவர். வாசகரே, இது நமக்குப் புதிய கதையா? 1916இல் சுவாமி வேதாசலம் தம் பெயரையே மறைமலை அடிகள் என்று மாற்றிக்கொண்டு தனித்தமிழ் இயக்கம் கண்டார். டொன் ஜோசப் ஜோன் சுனில் சாந்த ஆனதும் ஏறக்குறைய அதே மனநிலையில்தான். இசையிலும் அப்படியே. தஞ்சாவூரில் ஆபிரகாம் பண்டிதர் என்ற கிறிஸ்தவத் தமிழர் 1917இல் கருணாமிர்த சாகரம் என்ற பெருநூலை வெளியிட்டுத் தமிழிசையின் தொன்மையை வாதாடினார். 1943இல் சென்னையில் தமிழ் இசைச் சங்கம் தோன்றியது. தெலுங்குக் கீர்த்தனைகளே உயர்ந்தவை, தமிழ்ப் பாட்டு கச்சேரியின் கடைசியில் பாடும் துக்கடா என்றிருந்த நிலையை மாற்றப் பெரிய சண்டையே நடந்தது. பாக்கு நீரிணையின் அந்தப் பக்கம் தமிழர் கேட்டதையே இந்தப் பக்கம் ஜா-எலக் கத்தோலிக்கர் ஒருவர் சிங்களத்துக்காகக் கேட்டார்.

ஓர் உண்மையை மறைக்க நான் விரும்பவில்லை. தாய்மொழிப் பற்று முள்ளாகவும் முளைக்கும். 1956ஆம் ஆண்டுத் தனிச் சிங்களச் சட்டத்தையும் அதன் பின் வந்தவற்றையும் பட்டறிந்த தமிழ் வாசகர், தூய சிங்களம் என்ற சொல்லைக் கேட்டதும் முகம் சுளிப்பது இயல்பு. அந்த இயக்கத்தின் எல்லாக் கருத்துகளுக்கும் நாம் தலையாட்ட வேண்டியதில்லை. ஆனால் சுனில் சாந்தவின் பிரபலமான பாட்டுகளைக் கேட்டுப் பாருங்கள்: ஆம்பல் பூத்த குளம், நிலவு, கரையில் உடையும் அலை, காட்டுக்குள் பிள்ளைகள் பறித்துத் தின்னும் நாவலும் பாலைப்பழமும். இவற்றில் யாரையும் விலக்கும் வேலி இல்லை. வன்னியில் வளர்ந்தவனுக்கும் அந்தப் பாலைப்பழம் தெரியும்.

1946இல், குமாரதுங்க முனிதாச நினைவு விழாவில் அவர் பாடினார். ஒலு பிப்பிலா என்ற அந்த ஆம்பல் பாட்டு அவரை நாடறியச் செய்தது. நம் வானொலி தன் கூடத்திலேயே பதிவு செய்த முதற் பாட்டு அதுதான் என்று சொல்வது வழக்கம். அதற்கு முன் சிங்களப் பாட்டு என்றால் கிராமபோன் தட்டு. ஹிந்திப் படத்து மெட்டு ஒன்றை எடுப்பார்கள். அதற்கு இசைவாகச் சிங்களச் சொற்களைத் திணிப்பார்கள். சொல் மெட்டுக்குப் பொருந்தாவிட்டால் சொல்லின் காலை ஒடித்து உட்கார வைப்பார்கள். நம்மவர்களும் சினிமாவில் இதைச் செய்ததுண்டு. ஆகவே பிறரைப் பார்த்துச் சிரிக்க வேண்டாம்.

சுனில் சாந்தவின் முறை மிக எளியது. சொல் எப்படிப் பேசப்படுகிறதோ அப்படியே பாட்டில் நிற்கும். நீட்ட வேண்டிய எழுத்தை நீட்டுவார்; குறிலைக் குறிலாகவே விடுவார். கமகம், பிர்க்கா என்று குரலை உருட்டிக் காட்டமாட்டார். பின்னணியில் கிற்றாரும் பியானோவும், கோயிற் பாடகர் குழுவில் கேட்ட சுர அடுக்குகளும் இருக்கும். இலக்னோவின் விசாரதர் பாடினாலும் அந்தப் பாட்டை மீன் விற்கிறவரும் பாடலாம், வகுப்பில் நாற்பது பிள்ளைகளும் சேர்ந்து பாடலாம். பாடசாலை ஆசிரியராக இருந்தவர் அல்லவா! பாட்டுகளைச் சுரக் குறிப்போடு புத்தகமாகவும் வெளியிட்டார். எளிமை என்பது வித்தை இல்லாமை என்று நினைப்பவர்கள், அவருடைய ஒரு பாட்டுக்கு மெட்டமைத்துப் பார்க்கட்டும்.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. இந்திய இசையின் பிடியிலிருந்து சிங்களப் பாட்டை விடுவிக்கப் புறப்பட்டவர், அதற்கு உதவிக்கு அழைத்தது கிற்றாரையும் பியானோவையும்! இது முரண்பாடு என்று அன்றே சிலர் குத்திக் காட்டினார்கள். முரண்பாடுதான். ஆனால் கோயிலில் கேட்டு வளர்ந்த ஒலி அவருக்கு வேற்றூர் ஒலியாகப் படவில்லை. அது அவருடைய கிராமத்தின் ஒலி. இலக்னோவின் இராகம்தான் அவர் கடல் கடந்து போய்க் கற்றது. எது சுதேசி, எது விதேசி என்பதை வரைபடம் பார்த்துத் தீர்க்க முடியாது போலும்.

போர் முடிந்ததும் வானொலிக்கும் பெரும் வளர்ச்சி. மவுண்ட்பேற்றன் பிரபுவின் படைகளுக்காக அமைத்த ரேடியோ சியாக் நிலையத்தின் வலிய ஒலிபரப்பி, ஜா-எலவுக்கு அடுத்த ஏகலயில் நிறுவப்பட்டிருந்தது. பின்னர் அது ரேடியோ சிலோனுக்கு வந்தது. 1950இல் வர்த்தக சேவை தொடங்கியது. சுனில் சாந்த பிறந்த ஊருக்குப் பக்கத்து வயல்வெளியிலிருந்து கிளம்பிய அலைகளில் பம்பாயும் டில்லியும் பாட்டுக் கேட்டன. கேட்டதற்கும் ஒரு காரணம் உண்டு. 1952இல் இந்தியாவில் செய்தி, ஒலிபரப்பு அமைச்சரான பி. வி. கேஸ்கர், சினிமாப் பாட்டு தரம் குறைந்தது என்று கருதினார். அகில இந்திய வானொலியிலிருந்து அது மறைந்தது. மக்கள் என்ன செய்தார்கள்? முள்ளைத் திருப்பிக் கொழும்பைப் பிடித்தார்கள். அவ்வாண்டு டிசம்பரில் அமீன் சயானியின் பினாக்கா கீத்மாலா ரேடியோ சிலோனில் ஆரம்பமாகி, ஒரு துணைக் கண்டத்தையே புதன்கிழமை இரவுகளில் வானொலிப் பெட்டிக்கு முன் உட்கார வைத்தது.

தரம் என்ற சொல் அக்காலத்து வானொலி அதிகாரிகளை ஆட்டிப் படைத்த சொல். 1940ஆம் ஆண்டிலிருந்து அகில இந்திய வானொலியில் ஆர்மோனியத்துக்கே தடை. இந்திய இசைக்கு அது பொருந்தாத கருவியாம். முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஓர் அப்பாவிப் பெட்டி அங்கே வாசலில் நின்றது. 1952ஐ ஒட்டிப் பாடகர்களையும் பரீட்சித்துத் தரம் பிரிக்கும் ஏற்பாடு வந்தது. அதில் முக்கிய இடம் பெற்றவர் இலக்னோக் கல்லூரித் தலைவர் ரதன்ஜன்கர். பல்லாண்டு பாடிப் பெயர் பெற்ற வித்துவான்கள், இனி யாரிடம் போய்ப் பரீட்சை கொடுப்பது என்று பம்பாய் முதலிய இடங்களில் எதிர்ப்புத் தெரிவித்தார்கள்.

அதே 1952இல், அதே ரதன்ஜன்கரைக் கொழும்பு வானொலியும் அழைத்தது. சிங்களப் பாடகர்களையும் வாத்தியக்காரரையும் அவர் முன் நிறுத்தித் தரம் பார்ப்பது ஏற்பாடு. பரீட்சைக்கு வராதவருக்கு வானொலியில் வேலை இல்லை.

இங்கேதான் நாம் சற்று நின்று பார்க்க வேண்டும். அழைக்கப்பட்டவர் சாமானியர் அல்லர். பாத்கண்டேயின் நேர் மாணவர், சிறந்த பாடகர், நூற்றுக்கணக்கான மாணவர்களை உருவாக்கியவர். கிராமிய இசையை ஆராய்ந்து அதிலிருந்து உங்கள் இசையைக் கட்டுங்கள் என்று இலங்கையருக்கு ஆலோசனை கூறியவரும் அவரே. சுனில் சாந்தவுக்கோ அவர் தாம் பட்டம் பெற்ற கல்லூரியின் தலைவர். பரீட்சைக்குப் போயிருந்தால் தேறாமல் போகவா போகிறார்? சித்தாரை எடுத்து ஓர் இராகத்தை வாசித்திருந்தால் அரை மணி நேரத்தில் முதல் தரம் கையில் இருந்திருக்கும். அவர் போகவில்லை.

அவர் மறுத்ததன் காரணத்தை விளங்கிக்கொள்வது கடினமன்று. இந்துஸ்தானி இசையை அளக்க ரதன்ஜன்கர் தகுதியானவர். சிங்களம் அறியாத ஒருவர், சிங்களச் சொல்லின் ஓசையில் பிறந்த பாட்டை எதைக் கொண்டு அளப்பார்? அரிசியை முழக்கோலால் அளக்க முடியுமா? அந்தத் தராசில் ஏறி நின்றால், நிறை எவ்வளவு காட்டினாலும், தராசு சரியானதுதான் என்று தானே ஒப்புக்கொண்டதாகிவிடும். ஆகவே நின்று தோற்கவும் இல்லை, நின்று வெல்லவும் இல்லை. வானொலியின் கதவு மூடிக்கொண்டது. அப்போது அவருக்கு வயது 37. குரல் முற்றிக் கனிந்திருந்த வயது.

தன்மானம் என்று ஒரு சொல்லில் சொல்லிவிட்டுப் போவது எழுதுகிறவர்களுக்கு எளிது. அந்த வீட்டில் மனைவி இருந்தார், பிள்ளைகள் இருந்தார்கள். வானொலிதான் அன்றைய பாடகனுக்கு மேடை, சம்பளம், விளம்பரம் எல்லாம். அது போனால் கச்சேரி அழைப்பும் குறையும், பாட்டுப் புத்தகமும் விலை போகாது. கிடைத்த சில்லறைத் தொழில்களைச் செய்து அவர் குடும்பத்தைக் கொண்டு நடத்தினார். நாடே பாடிய பாட்டுகளின் சொந்தக்காரர் வறுமையை அருகிலிருந்து பார்த்தார். ஒரு தகப்பன் தன் கொள்கைக்காகப் பிள்ளைகளின் சோற்றில் கைவைக்கலாமா என்று கேட்பவர்களை நான் குறை சொல்லமாட்டேன். அந்தக் கேள்வி எனக்கும் உண்டு. இதை அகங்காரம் என்று சொன்னவர்களும் அன்று இருந்தார்கள். அகங்காரக்காரன் பரீட்சைக்குப் போய் முதல் தரம் வாங்கிக் காட்டியிருப்பான் என்பதே என் எண்ணம். நீங்கள் வேறாக நினைக்கலாம்.

மற்ற வழியில் போனவரையும் சொல்வதுதான் நியாயம். சுனில் சாந்தவுக்குப் பன்னிரண்டு வயது இளையவரான அமரதேவ, அல்பேர்ட் பெரேரா என்ற இயற்பெயர் கொண்டவர், அதே இலக்னோக் கல்லூரிக்கு ஐம்பதுகளில் போய்ப் படித்தார். திரும்பி வந்து இராகத்தையும் கிராமியப் பாட்டையும் இணைத்து ஒரு பெரும் இசையை உருவாக்கினார். 2016இல் அவர் மறைந்தபோது நாடே துக்கம் காத்தது. ஆக, அந்தப் பள்ளிக்கூடம் நஞ்சுமன்று, ரதன்ஜன்கர் எதிரியுமல்லர். ஒரே கிணற்றில் இருவர் இறங்கி நீர் மொண்டார்கள். ஒருவர் அதைக் கொண்டு தோட்டம் போட்டார். மற்றவர் தம் ஊர் மழையே போதும் என்றார்.

வானொலி மூடிய கதவுக்குப் பதிலாகச் சினிமா ஒரு கதவைத் திறந்தது. 1956இல் லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸ் ரேகாவ என்ற படத்தை எடுத்தார். அதுவரை சிங்களப் படங்களைத் தென்னிந்தியப் படப்பிடிப்பு அரங்குகளில் எடுத்து வந்தார்கள். கிராமம் என்று காட்டப்பட்டது கூட அட்டைக் கிராமம். லெஸ்டர், அவரும் கத்தோலிக்கர், கமராவைத் தூக்கிக்கொண்டு உண்மையான வயலுக்கும் ஆற்றங்கரைக்கும் போனார். அந்தப் படத்துக்குப் பாட்டெழுதியவர் அமலமரித் தியாகிகள் சபையைச் சேர்ந்த மார்சலின் ஜயக்கொடி அடிகளார். பௌத்தர்களும் தங்களவராகக் கொண்டாடிய அந்தக் கவிஞர் குருவானவர் 1983இல் மக்சேசே விருது பெற்றவர். இசையமைத்தவர் சுனில் சாந்த. படம் 1957இல் கான் விழாவுக்குப் போனது. அட்டைக் கிராமத்தை மறுத்த இயக்குநரும், ஒட்டுப்போட்ட மெட்டை மறுத்த இசைஞரும் ஒருவரையொருவர் கண்டுகொண்டதில் அதிசயமில்லை. படம் அன்று பணம் பண்ணவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

1960இல் வந்த சந்தேசய படத்துக்கும் அவர்தான் இசை. பாட்டு அரிசென் அஹுபுது. போர்த்துக்கேயர் காலத்துக் கதை. அதில் வரும், போர்த்துக்கேயரைக் கேலி செய்யும் பாட்டை நீங்கள் நிச்சயம் கேட்டிருப்பீர்கள். கொழும்பில் கலியாண வீடோ பிக்னிக் பஸ்ஸோ, கைதட்டல் தொடங்கினால் அதுவும் தொடங்கிவிடும். போர்த்துக்கேயர் விட்டுப்போன பைலாவின் குதூகலத்தை அவர்கள் மீதே திருப்பிவிட்ட குறும்பு அதில் இருக்கிறது. தூய்மை பேசியவர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தவர் என்று நினைப்பவர்களுக்கு அந்தப் பாட்டே பதில். எந்த மதத்தவர், எந்த மொழியினர் என்று பாராமல் எல்லாரும் ஆடுகிறார்கள். அதற்கு மெட்டமைத்தவர் யார் என்று ஆடுகிறவர்களைக் கேட்டால் பத்தில் ஒருவருக்குத் தெரிந்தால் பெரிது.

இப்படிப் பதினைந்து ஆண்டுகள் போயின. 1967 ஜனவரியில் வானொலித் திணைக்களம் கூட்டுத்தாபனமாக மாறியது. அதன் தலைமைக்கு வந்தவர் நெவில் ஜயவீர என்ற சிவில் சேவை அதிகாரி. வயது நாற்பதைத் தொடாதவர். முன்னே இருந்தவர்கள் செய்த பிழை ஒன்று திருத்தப்படாமல் கிடக்கிறது என்று அவர் உணர்ந்தார். பழைய கோப்பு மூடிய கோப்பு என்று விட்டிருக்கலாம். அதிகாரிகளுக்கு அது கைவந்த கலை. அவர் சுனில் சாந்தவை அழைத்து, மறுபடியும் வானொலிக்காகப் பாட்டுகள் அமைத்துத் தரும்படி கேட்டார். இம்முறை பரீட்சை இல்லை, தராசு இல்லை.

அவரும் வந்தார். 52 வயது. மறுத்தவர் பிடிவாதக்காரர் மட்டுமே என்றால் இந்த அழைப்பையும் உதறியிருக்க வேண்டும். அவர் புதிய பாட்டுகளை அமைத்தார். இளைய குரல்களைப் பாட வைத்தார். ஆயினும் போன பதினைந்து ஆண்டுகளை யாராலும் திருப்பிக் கொடுக்க முடியவில்லை. 37க்கும் 52க்கும் இடையில் அவர் பாடியிருக்கக்கூடிய பாட்டுகள் எந்த நூலகத்திலும் இல்லை. சிங்கள இசைக்கு நேர்ந்த அந்த நட்டத்தைக் கணக்கிட, இலக்னோவிலிருந்து யாரை அழைப்பது?

பொரளையில் அந்தப் பழைய வானொலி வீட்டைத் தேடிப் போனால் ஒன்றும் காண்பதற்கில்லை, வாகன நெரிசல்தான். அவருடைய பாட்டைக் கேட்க வேண்டுமானால் ஏதாவதொரு சிங்களப் பாடசாலையின் மதில் ஓரமாகக் காலையில் நடந்து போனால் போதும். சங்கீத பாட வேளையில், பக்கவாத்தியம் இல்லாமலே, பிள்ளைகள் பாடிக்கொண்டிருப்பார்கள்.

1981ஆம் ஆண்டு ஏப்பிரல் 11ஆம் திகதி சுனில் சாந்த காலமானார். ஊரெங்கும் புத்தாண்டுக்குப் பலகாரம் சுடும் நாட்கள். இன்னும் மூன்று நாள் இருந்திருந்தால், புத்தாண்டன்று அவருக்கு 66 வயது நிறைந்திருக்கும்.